ஃபுட்பால்ல சென்னையின் எஃப்சி 11வது இடம்: இந்த பிளேயர்ஸ யாருங்க எடுக்குறாங்க? கிளப்புக்கு லெட்டர் எழுதப் போறோம், யோசனை சொல்லுங்க

குன்னூர்_நீலச்சட்டை

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல கெடந்து புழுங்கறத இங்க கொட்டிடறேன், கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுமையா படிங்க.

2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசன் டேபிள பாத்திருப்பீங்க. 13 டீம்ல நம்ம சென்னையின் எஃப்சி 11வது. நமக்கு கீழ இருக்கறது ஹைதராபாத்தும் முகமதனும் மட்டும்தான், அதுங்க ரெண்டும் காசுக்கே தத்தளிச்ச கிளப்புங்க. 24 மேட்ச்ல 7 ஜெயிச்சோம், 11 தோத்தோம், மொத்தம் 27 பாயின்ட். இதுல எனக்கு வயிறு எரியறது என்னன்னா 2022-23ல 20 மேட்ச் ஆடி 27 பாயின்ட், 2023-24ல 22 மேட்ச் ஆடி 27 பாயின்ட், 2024-25ல 24 மேட்ச் ஆடியும் அதே 27. மேட்ச் கூடிட்டே போகுது, பாயின்ட் நகரவே மாட்டேங்குது. நடுவுல கோச் மாறியாச்சு, ஃபாரினர்ஸ் கிட்டத்தட்ட முழுசா மாறியாச்சு, ஒவ்வொரு ஜூலையும் புதுசா பத்து பேர் போட்டோவ போட்டு வெல்கம் சொல்றாங்க, மார்ச் வந்தா நாம கால்குலேட்டர் வச்சுட்டு உக்காந்திருக்கோம்.

தோக்கறதுக்காக நான் கோவப்படல. எலானோ ஃப்ரீகிக் அடிச்ச 2014ல இருந்து பாக்கறவன். 2015 ஃபைனல்ல கோவா ஊர்லயே கடைசி நிமிஷம் வரைக்கும் பின்னாடி இருந்து மென்டோசா அடிச்சு 3-2, 2018 மார்ச்ல பெங்களூரு கன்டீரவால சேத்ரி முதல் கோல் போட்டும் மயில்சன் ஆல்வஸ் தலையால ரெண்டு போட்டு மறுபடியும் 3-2, அந்த டீமுக்கு ஒரு முகம் இருந்துச்சுங்க. இப்ப இருக்கற டீம்ல அடுத்த வருஷம் யார் இருப்பாங்கன்னு தெரியாம சட்டைக்குப் பின்னாடி பேர் அடிக்கவே யோசிக்கறோம்.

நாங்க இங்கருந்து சாயங்காலம் பஸ் புடிச்சு மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா உக்காந்து, காலைல சென்ட்ரல்ல முகம் கழுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் வெயில்ல சுத்தி நேரு ஸ்டேடியம் போறோம். அங்க போய் பாத்தா ரைட்பேக் மேல ஏறிப் போறாரு, அவர் விட்ட இடத்துக்கு யாரும் வர்றதில்ல, பந்து பறிபோன அடுத்த செகண்ட் சென்டர்பேக் ரெண்டு பேரும் நம்ம கோலப் பாத்து ஓடிட்டு இருக்காங்க. அதே ஓட்டைய எத்தன மேட்ச்தான் பாக்கறது? டிவில கேமரா பந்து பின்னாடியே போயிரும், ஸ்டாண்ட்ல இருந்து பாக்கறவனுக்குத்தான் அந்த காலி இடம் கண்ணுல குத்தும்.

விஷயத்துக்கு வரேன். குன்னூர், அருவங்காடு, கோத்தகிரி பசங்க சேர்ந்து கிளப் மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு லெட்டர் அனுப்பலாம்னு முடிவு பண்ணிருக்கோம். திட்டி எழுதறதுல பிரயோஜனம் இல்ல, படிச்சா பதில் சொல்லியே ஆகணும்ங்கற மாதிரி எழுதணும். எங்க க்ரூப்ல ஒருத்தர் பழையபடி டிராஃப்ட் (கிளப்புங்க முறை வச்சு ஒவ்வொருத்தரா பிளேயர எடுக்கறது) கொண்டு வரச்சொல்லி கேக்கணும்ங்கறார், இன்னொருத்தர் ஓனர்ஸ் மாறணும்ங்கறார், எனக்கு ரெண்டுமே சரியா படல. லெட்டர்ல முதல் வரியா எது இருக்கணும்? அதச் சொல்லுங்க.

அருவங்காடு_8

அண்ணா நம்ம க்ரூப்ல பேசினதத்தான் இங்கயும் எழுதறேன், மத்தவங்களும் படிக்கட்டும்.

டிராஃப்ட் கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். ஐஎஸ்எல்ல கடைசியா டிராஃப்ட் நடந்தது 2017 ஜூலை, மும்பைல. ஒவ்வொரு பிளேயருக்கும் சம்பளம் முன்னாடியே எழுதி வச்சிருப்பாங்க, கிளப்புங்க ரவுண்டு ரவுண்டா எடுக்கணும். ஜாம்ஷெட்பூர் அப்பத்தான் புதுசா வந்த டீம், அவங்க முதல் ஆளா அனஸ் எடத்தொடிக்காவ எடுத்தாங்க, 1.10 கோடி. அதுக்கப்புறம் டிராஃப்டே கிடையாது, ஏஜென்ட்கிட்ட பேசி, தேவைப்பட்டா கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் பணம் குடுத்து நேரா ஒப்பந்தம்தான். அந்த 2017 டிராஃப்ட்டுக்கு அப்புறம் ஆடின டீம்தான் நாம 2018ல கப் அடிச்ச டீம். செமில கோவாவுக்கு எதிரா ஜேஜே ரெண்டு, வியாசர்பாடி தன்பால் கணேஷ் ஒண்ணு, 3-0, மறக்க முடியுமா.

அப்போ ஒழுங்கா எடுத்தவங்க இப்போ ஏன் எடுக்க முடியலங்கறதுதான் கேள்வி. என் கணக்கு இதுதான். 2021-22ல இருந்து கிரவுண்ட்ல 4 ஃபாரினர்தான் இருக்கலாம், முன்னாடி 5. அதாவது 11 பேர்ல 7 பேர் நம்ம ஊர்க்காரங்க. அன்னிலருந்து இந்த லீக்ல ஜெயிக்கறவங்க எல்லாரும் இந்தியன் பிளேயர்ஸ நல்லா புடிச்சு வச்சிருக்கறவங்கதான், மோகன் பகான பாருங்க. நாம என்ன பண்ணோம்? 2023ல அனிருத் தாபா மோகன் பகான் போனாரு, போன முதல் வருஷமே ஷீல்ட் (லீக் டேபிள்ல முதல் இடம் வர்றவங்களுக்கு தர்றது), அடுத்த வருஷமும் ஷீல்ட். 2024ல ரஹீம் அலி ஒடிசா போனாரு, ஆகாஷ் சாங்வான் கோவா போனாரு, கோவா 2025ல சூப்பர் கப் அடிச்சிருச்சு. தாபாவயும் ரஹீமயும் சின்னப் பசங்களா இருந்தப்பவே எடுத்து ஆட வச்சு ஆளாக்கினது நாம, பழுத்தப்புறம் பறிச்சுட்டுப் போறது அடுத்தவன். விதைக் கெழங்க வித்துட்டு அடுத்த போகத்துக்கு கடன் வாங்கி விதை தேடற கதையாத்தான் இருக்கு.

ஃபாரினர்ஸ் விஷயத்துல நான் பெருசா குறை சொல்ல மாட்டேன். கானர் ஷீல்ட்ஸ் 2024-25 சீசன் அசிஸ்ட்ல லீக்லயே மேல நின்னவங்கள்ல ஒருத்தர், வில்மர் ஜோர்டான் கோல் போட்டாரு. பிரச்சினை மிச்ச 7 பேர்ல. லெட்டர்ல முதல் வரி அதுவாத்தான் இருக்கணும்: இந்தியன் பிளேயர்ஸ யார் தேர்ந்தெடுக்கறாங்க, எத வச்சு தேர்ந்தெடுக்கறாங்க.

குன்னூர்_டு_நியூஜெர்சி

பொறந்தது வளந்தது குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம், இப்போ இருக்கறது நியூஜெர்சி. டிராஃப்ட் வேணும்னு கேக்கற அந்த நண்பருக்காக எழுதறேன்.

இங்க ஆடற ஃபுட்பால் கைல தூக்கிட்டு ஓடறது, நம்ம ஆட்டம் இல்ல, ஆனா டிராஃப்ட்டுக்கு தாய்வீடு இதுதான். அந்த ஆட்டத்தோட லீக்கான என்எஃப்எல்ல வருஷா வருஷம் ஏப்ரல்ல 7 ரவுண்டு நடக்கும், போன சீசன்ல யாரு கடைசியோ அவங்களுக்கு முதல் சாய்ஸ். கேக்கறதுக்கு எவ்ளோ நியாயமா இருக்கு, தோத்தவனுக்கு நல்ல பிளேயர் கிடைப்பான், ரெண்டு மூணு வருஷத்துல மேல வந்துருவான்னு. என் வீட்டுப் பக்கத்துல இருக்கற டீம் ஜெட்ஸ், ஆபீஸ்ல எல்லாரும் அந்த டீம்தான், நானும் அதுலயே மாட்டிக்கிட்டேன். 2010 சீசனுக்கு அப்புறம் பிளேஆஃப் பக்கமே போகல. 2018ல 3வது பிக்ல சாம் டார்னால்ட் எடுத்தாங்க, மூணே வருஷத்துல வேண்டாம்னு அனுப்பிட்டு 2021ல 2வது பிக்ல ஸாக் வில்சன், அவரும் நிலைக்கல, 2023ல வயசான ஆரோன் ராட்ஜர்ஸ கொண்டு வந்தாங்க, முதல் மேட்ச்ல நாலாவது தடவ பந்து ஆட்டத்துக்கு வந்தப்பவே அவருக்கு குதிகால் தசைநார் அறுந்து சீசன் முடிஞ்சிருச்சு. 2024ல அஞ்சு மேட்ச் முடிஞ்சதும் கோச்ச தூக்கினாங்க, கடைசில 5 வெற்றி, 12 தோல்வி. அதே வருஷம் இவங்க வேண்டாம்னு விட்ட டார்னால்ட் மின்னசோட்டா டீமுக்கு போய் 14 வெற்றி, 3 தோல்வி.

பையன் அதே பையன்தான். ஒரு இடத்துல அவனச் சுத்தி ஒழுங்கான டீமும் ஒரே கோச்சும் இருந்துச்சு, இன்னொரு இடத்துல இல்ல. டிராஃப்ட் கேட்டு லெட்டர் எழுதினா மேனேஜ்மென்ட்டுக்கு சாக்கு குடுத்த மாதிரி ஆயிரும், "சிஸ்டம் சரியில்லங்க" னு சொல்லிருவாங்க. அத எடுத்துருங்க.

கொடை_மூஞ்சிக்கல்

அண்ணே வணக்கம், கொடைக்கானல்ல இருந்து. நாங்களும் சென்னையின்தான்ணே, வத்தலக்குண்டு எறங்கி பஸ் மாறி மாறி மேட்ச் பாக்க வந்திருக்கோம்.

அருவங்காடு தம்பி சொல்றத பாதி ஒத்துக்கறேன், பாதி ஒத்துக்க மாட்டேன். பிளேயர்ஸ விடாம புடிச்சு வச்சா போதும்னு சொல்றீங்க. 2018-19 என்னாச்சு? கப் அடிச்ச டீம்ல பெரும்பாலும் அதே ஆளுக, அதே கோச் ஜான் கிரெகரி. செரேனோ மாதிரி ஒண்ணு ரெண்டு பேரு போனாய்ங்க, தன்பால் கணேஷ் முட்டில அடிபட்டு வெளிய உக்காந்துட்டாப்ல. அவ்ளோதான். 18 மேட்ச்ல 2 வெற்றி, 13 தோல்வி, 9 பாயின்ட், டேபிள்ல கடைசி. போன வருஷம் சாம்பியன் இந்த வருஷம் கடைசி! அப்ப யாரயும் கலைக்கலயேண்ணே.

என்னயப் பொறுத்தவரைக்கும் ஓட்டை எங்கன்னா, ஒரு ஆள் போனா அந்த இடத்துக்கு அடுத்தவன் ரெடியா இருக்கணும், அது இந்த கிளப்ல என்னைக்குமே இருந்ததில்ல. தன்பால் இல்லன்னதும் நடுவுல பந்த புடுங்கறதுக்கு ஆள் இல்ல. 2020ல கோச் ஓவன் கோய்ல் ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போயி அடுத்த சீசன் ஜாம்ஷெட்பூர் போனாரு, 15 கோல் அடிச்ச வால்ஸ்கிஸும் கூடவே போயிட்டாரு. அடுத்த வருஷம் நாம 20 மேட்ச்ல வெறும் 17 கோல், 11 டிரா. உக்காந்து பாத்தவனுக்குத்தான் தெரியும் அந்த டிராவெல்லாம். ஜாம்ஷெட்பூர் 2021-22ல அதே கோய்ல வச்சு ஷீல்ட் அடிச்சிருச்சு. அப்பறம் லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச், திரும்ப கோய்ல்னு நாம சுத்தி சுத்தி வந்துட்டோம். ஒவ்வொரு கோச்சும் ஒவ்வொரு மாதிரி ஆட்டம், ஒருத்தருக்கு ஓடற விங்கர் வேணும், இன்னொருத்தருக்கு பந்த வச்சு ஆடறவன் வேணும். போன கோச் கேட்டு வாங்குன பிளேயர் இந்த கோச்சுக்கு ஆகாது. அப்பறம் எப்டிண்ணே டீம் ஆகும்?

கோச்சுக்கு மேல ஃபுட்பால் தெரிஞ்ச ஒருத்தர் அஞ்சு வருஷம் நெலையா உக்காந்து "நம்ம கிளப் இப்டித்தான் ஆடும், அதுக்கு ஏத்த கோச்தான், அதுக்கு ஏத்த பிளேயர்தான்"னு சொல்லணும். அந்த ஆள் யாரு, பேர் என்ன, ரசிகனுக்கு முன்னாடி வந்து பேசுவாரா? லெட்டர்ல இத மொதல்ல கேளுங்க. கூடவே ஒண்ணு, 2024-25 வரைக்கும் ஐஎஸ்எல்ல கீழ எறங்கற பயமே இருந்ததில்ல. 11வது வந்தும் அடுத்த வருஷம் அதே லீக்தான். வேற நாட்டுல இந்த மாதிரி நாலஞ்சு வருஷம் கெடந்தா கிளப் ரெண்டாவது டிவிஷன் போயி ஸ்பான்சர் ஓடிருப்பான், அங்க அந்தப் பயத்துலயே வேல நடக்கும். இங்க பயம் காட்டறதுக்கு நம்மள விட்டா ஆளே இல்லண்ணே.

கூடலூர்_மஞ்சள்

நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆளு, கூடலூர்ல பாதிப் பேர் அப்டித்தான், கோச்சுக்காதீங்க சேட்டன்மாரே. உங்க வலி எங்களுக்கு நல்லாவே புரியும், மூணு ஃபைனல் போயும் ஒரு கப் இல்லாத டீம்.

கடைசி கமென்ட்ல சொன்ன அந்த பயம் காட்டற விஷயத்துக்குத்தான் வந்தேன். 2024 டிசம்பர்ல எங்க ரசிகர் கூட்டமான மஞ்சப்படை மேனேஜ்மென்ட்ட எதிர்த்து வெளிப்படையா இறங்கினாங்க, டிக்கெட் வாங்க மாட்டோம், விக்கவும் மாட்டோம்னு. ஸ்டாண்ட்ல பேனர், வெளிய ஊர்வலம். அதே மாசம் கோச் ஸ்டாரே போனாரு. சீசன் 8வதுதான் முடிஞ்சுது, அதனால பெருசா ஜெயிச்சுட்டோம்னு சொல்ல வரல. ஆனா ரசிகன் கேள்வி கேட்டா மேனேஜ்மென்ட் காதுல விழுதுன்னு தெரிஞ்சுது. அதுக்குக் காரணம் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டாங்க. நீங்க லெட்டர்ல பத்து விஷயம் எழுதினா அவங்க லேசான ஒண்ணுக்கு பதில் சொல்லிட்டுப் போயிருவாங்க. ரெண்டு கேள்விக்கு மேல வேண்டாம். சென்னைல இருக்கற ரசிகர்களையும் சேத்துக்கோங்க, ஸ்டாண்ட்ல வாரா வாரம் நிக்கறது அவங்கதான், மலைல இருந்து மட்டும் போனா அது ஒரு மூலைல கெடக்கும்.

வெலிங்டன்_பழைய_ஸ்டாப்பர்

தம்பிகளா, எல்லாத்தையும் படிச்சேன். பட்டாளத்துல யூனிட் டீமுக்கு ஸ்டாப்பர் (சென்டர்பேக்) ஆடினவன், ரிட்டயர் ஆகி இங்கயே இருக்கேன். சாயங்காலம் பசங்களுக்கு பந்து சொல்லிக் குடுக்கறேன், அத வச்சு ஒரு விஷயம் சொல்றேன்.

7 இந்தியன் பிளேயர்னு சொன்னீங்க. அந்த 7 பேர எங்க தேடறாங்க? தமிழ்நாட்டுல ஆளே இல்லையா? கன்னியாகுமரி சூசைராஜ் சென்னை சிட்டிங்கற இன்னொரு கிளப்ல ஆடினப்போ ஊரே பாத்துச்சு, எடுத்துட்டுப் போனது ஜாம்ஷெட்பூர். காரைக்குடி பக்கத்துப் பையன் சிவசக்தி பெங்களூருக்கு கோல் அடிக்கறான். வியாசர்பாடி நந்தகுமார் 2023 டூரண்ட் கப்புல ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் மேல அடிச்ச கோல கொல்கத்தாவே கொண்டாடுச்சு. இவங்க மூணு பேரும் நம்ம மண்ணுதான். 2018-19ல சென்னை சிட்டி கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல ஆடி ஐ-லீக்குங்கற தேசிய லீக் கப்பே அடிச்சாங்க, மன்ஸி 21 கோல். நம்ம மலைல இருந்து ஜீப் புடிச்சு போய் பாத்தவங்க இங்க எத்தன பேர் இருக்கீங்க. அந்த கிளப் இப்போ எங்க இருக்குன்னே தெரியல, அந்தக் கூட்டமும் கலைஞ்சு போச்சு. அத யாரும் அள்ளிக்கல. சென்னையின் வந்து அள்ளியிருக்கலாம்.

நம்ம மலைக்கு வாங்க. ஹட்டில (படுகர் ஊர்ல), எஸ்டேட் லைன்ல, எங்க கொஞ்சம் சமதரை இருக்கோ அங்க ரெண்டு கல்ல நட்டு ஆடறாங்க. பந்து கோட்டைத் தாண்டுச்சுன்னா தேயிலைக்குள்ள உருண்டு கீழ போயிரும், போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கும், அதனால நம்ம பசங்க பந்த தூக்கி அடிக்கறதே கம்மி. காலுக்குக் கால் குட்டிப் பாஸ், நெருக்கத்துல உடம்ப திருப்பி வெளிய வர்றது, அது அவங்களுக்கு தானா வருது. மூடுபனி எறங்கிட்டா எதிர் கோல்போஸ்ட் தெரியாது, சத்தம் குடுத்துத்தான் ஆடணும். அதனால ஒருத்தனுக்கொருத்தன் பேசிக்கிட்டே ஆடற பழக்கம் இருக்கு, அது பெரிய டீம்லயே பாதிப் பேருக்கு கெடையாது.

என்கிட்ட ஒரு பையன் இருந்தான், இடதுகால், அம்மா பச்சை இலை பறிக்கறவங்க. ஒரு பெரிய கிளப் டிரையல்னு கேள்விப்பட்டு கடன் வாங்கின பூட்ஸோட கீழ அனுப்பி வச்சேன். நெஞ்சுல நம்பர் ஒட்டி, கூட்டத்தோட கூட்டமா இருவது நிமிஷம் ஆட விட்டாங்களாம், அதுலயும் லெஃப்ட்பேக் ஆடறவன ஸ்ட்ரைக்கரா நிறுத்தி. "சொல்லி அனுப்பறோம்"னாங்க. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. எடுக்கல, சரி, எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த இடம் பாத்திருப்போம். அவன் அந்த ஃபோனுக்காகவே ஒரு சீசன் பூரா காத்திருந்தான். இப்போ கேத்தில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு ஓட்டறான். ஞாயித்துக்கிழமை வந்தா இன்னமும் அந்த இடதுகால்ல கிராஸ் போட்டா பந்து சொன்ன இடத்துல விழும்.

லெட்டர்ல இத கேளுங்க தம்பி. வருஷத்துக்கு ஒரு தடவ ஒரு ஸ்கவுட் மலை ஏறி வரட்டும். டிரையல் வேண்டாம். எங்க ஊர் டோர்னமென்ட்ல ஓரமா நின்னு, அவனவன் இடத்துல அவனவன் ஆடறத முழு மேட்ச் பாக்கட்டும். எடுக்கலன்னாலும் பரவால்ல, பதில் சொல்லிட்டுப் போகட்டும்.

அருவங்காடு_8

ஐயா சொன்ன அந்த லெஃப்ட்பேக் யாருன்னு எனக்குத் தெரியும், அவன் கூட ஆடியிருக்கேன். பேர் போட வேண்டாம். சாங்வான் போனப்புறம் லெஃப்ட்பேக் இடத்துக்கு ஆள் தேடிட்டு இருந்தப்போ எனக்கு அவன் ஞாபகம்தான் வந்துச்சு.

கொடை அண்ணே, 2018-19 பத்தி நீங்க சொன்னது சரியான கேள்வி. ஆனா அதுக்கு பதிலும் இதுதான்னு தோணுது. கலைக்கலன்னாலும் தன்பால் இடத்துக்கு இன்னொரு தன்பால் கீழ வளந்துட்டு இருக்கல. புடிச்சு வைக்கறதும் வளக்கறதும் சேர்ந்துதான் நடக்கணும், ஒண்ணு மட்டும் போதாது.

கொடை_மூஞ்சிக்கல்

சரி தம்பி, அப்ப நீயும் நானும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கோம். ஆனா வளக்கறதுக்கு அஞ்சு வருஷம் பொறுமை வேணும், அந்தப் பொறுமைய யாரு தர்றதுங்கறதுதான் என் கேள்வி. வருஷா வருஷம் கோச்ச மாத்தற எடத்துல எந்தப் பையன் வளருவான்.

குன்னூர்_நீலச்சட்டை

எல்லாருக்கும் நன்றிங்க. ராத்திரியே க்ரூப்ல பேசி ஒரு முடிவுக்கு வந்தாச்சு. டிராஃப்ட் பேச்ச எடுத்துட்டோம். ஓனர்ஸ் மாறணும்ங்கறதையும் எடுத்துட்டோம், அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா டானி பேர இழுத்தா பேப்பர்ல வர்றது அவங்க பேர்தான், நம்ம கேள்வி வராது.

கூடலூர் நண்பர் சொன்னபடி ரெண்டே கேள்வி. முதல் கேள்வி: பிளேயர்ஸ தேர்ந்தெடுக்கற பொறுப்பு கோச் மாறினாலும் மாறாத எந்த ஒருத்தர்கிட்ட இருக்கு, அவர் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரசிகர்கள நேர்ல சந்திச்சு பேசுவாரா. ரெண்டாவது: தமிழ்நாட்டு மாவட்ட லீக் மேட்சுகள, சென்னைக்கு வெளிய, கிளப் ஸ்கவுட் எந்தெந்த ஊர்ல வந்து பாக்கறாங்க, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் எப்போ வருவாங்க. 20 மேட்ச், 22 மேட்ச், 24 மேட்ச், மூணு தடவையும் 27 பாயின்ட்ங்கற கணக்கு மேல ஒரே வரியா வரும், அதுக்கப்புறம் திட்டு ஒண்ணும் கிடையாது.

ஐயா, உங்க பையன் விஷயத்த பேர் இல்லாம ரெண்டாவது கேள்விக்கு கீழ சேத்துக்கலாமா? "பதில் சொல்லிட்டுப் போகட்டும்"ங்கறத அப்படியே எழுதணும்னு ஆசைப்படறேன். நியூஜெர்சி அண்ணா, உங்க பேரும் கையெழுத்துல வேணும், குன்னூர் விலாசத்தோட.

வெலிங்டன்_பழைய_ஸ்டாப்பர்

சேத்துக்கோ தம்பி. அவன்கிட்டயும் கேட்டுட்டேன், சரின்னுட்டான், கையெழுத்தும் போடறானாம். ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் பேப்பர எடுத்துட்டு கிரவுண்டுக்கு வந்துரு, பசங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க.